திறந்தவெளியில் நிற்கும் கருப்புக் கார்: சீலன்ட்டா, செராமிக்கா, வெறும் வாக்ஸா?

மரத்தடி_டிரைவர்
வண்டி வாங்கிச் சில வாரம்தான் ஆகிறது. நிறம் கருப்பு. கூரை இல்லாத இடத்தில்தான் நிற்கும். பாதி நாள் வெயில், பாதி நாள் மரத்தடி. வாரம் ஒருமுறை நானே கழுவுகிறேன், போர் தண்ணீரில். டெலிவரி எடுக்கும்போதே செராமிக் கோட்டிங் (பெயின்ட்மேல் பூசினால் கண்ணாடி மாதிரி இறுகும் திரவம்) போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரே வற்புறுத்தல். அப்புறம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். இப்போது பெயின்ட் சீலன்ட் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. பளபளப்பும் வேண்டும், பெயின்ட்டும் கெடக்கூடாது. எதைப் போடலாம்? அடித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

பாலிமர்_பித்தன்
அடித்துக்கொள்ளாமல் பதில் வேண்டுமென்றால் இடம் மாறி வந்துவிட்டீர்கள்.

என் ஓட்டு சீலன்ட்டுக்கு. கார்னோபா வாக்ஸ் என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. கலப்பில்லாத கார்னோபா 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும். டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்தது, அதைவிட இளக்கமானது. நடுப்பகலில் கருப்பு பானட்டில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மாதத்தில் வாக்ஸ் போன இடம் தெரியாது.

சீலன்ட் செயற்கை பாலிமர், பெரும்பாலும் சிலிகோன் வகை. பெயின்ட்டின் மேலடுக்கான நிறமற்ற கிளியர் கோட்டைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் இறுகிவிடும். நல்லதாக இருந்தால் நான்கிலிருந்து ஆறு மாதம் தாங்கும். பூசவும் பெரிய கைத்திறமை தேவையில்லை. மெல்லியதாகத் தேய்த்து, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்தால் வேலை முடிந்தது.

நானோ_நாயகன்
ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரைச் சுற்றி முட்டிபோட்டுத் தேய்க்க ஆசையிருந்தால் பித்தன் சொல்வதைக் கேளுங்கள். இல்லையென்றால் செராமிக். ஒருமுறை ஒழுங்காகப் போட்டால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். 9எச் கடினம் வேறு. வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஆறு மாதச் சமாசாரமெல்லாம் எந்த மூலைக்கு?

பாலிமர்_பித்தன்
வந்துவிட்டது 9எச்! அது பென்சில் சோதனை, நாயகரே. மென்மையான பென்சிலில் தொடங்கிக் கடினமானது வரை, குறிப்பிட்ட அழுத்தத்தில் படலத்தின்மேல் தள்ளி, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்ப்பார்கள். 9எச் அந்த வரிசையின் கடைசிப் பென்சில், அவ்வளவுதான். கனிமங்களை அளக்கிற மோஸ் அளவுகோலில் 9 என்றால் மாணிக்கமும் நீலக்கல்லும் இருக்கிற இடம். இரண்டையும் ஒன்றாக்கி 'வைரத்துக்கு அடுத்தபடி' என்று விற்கிறார்கள். தெருப்புழுதியில் இருக்கிற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸில் 7. அழுக்குத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உங்கள் 9எச்சும் கீறும். இதில் அந்தப் படலத்தின் தடிமனே ஒன்றிரண்டு மைக்ரான்தான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நானோ_நாயகன்
சரி, கடினத்தை விளம்பரக்காரர்கள் ஊதித்தான் விட்டார்கள். அதை நானும் நம்பி வாங்கவில்லை. நான் பார்ப்பது வேதிப்பொருளைத் தாங்கும் சக்தி. காரம் மிகுந்த ஷாம்பூவில் இரண்டு மூன்று தடவை கழுவினால் வாக்ஸ் போய்விடும், சீலன்ட்டும் பாதி பலவீனமாகும். செராமிக் இறுகியபின் உருவாகும் சிலிக்கா வலை அதையெல்லாம் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. சேறும் தூசியும் அழுந்தப் பிடிக்காது, தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும். துணி குறைவாகப் பட்டால் கீறலும் குறைவு. கடினத்தால் இல்லை, வழுக்கலால் கிடைக்கிற பாதுகாப்பு இது. இதற்கு என்ன பதில்?

வெறுந்தண்ணீர்
நான் சொல்லலாமா? இருவரும் ஒரு மைக்ரான் படலத்துக்காக மல்லுக்கட்டுகிறீர்கள். அதற்குக் கீழே கம்பெனியே போட்டு அனுப்பிய கிளியர் கோட் இருக்கிறது, பொதுவாக 40, 50 மைக்ரான். புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருள்களை அதற்குள்ளேயே கலந்திருக்கிறார்கள். மேலே நீங்கள் பூசும் மெல்லிய படலம் வெயிலை எவ்வளவு தடுத்துவிடப் போகிறது? பாட்டிலில் 'யூவி பாதுகாப்பு' என்று போட்டிருப்பதைப் பார்த்து நடுவெயிலில் நிம்மதியாக நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

கருப்புக் காரைக் கெடுப்பது கழுவும் கை. ஒரே வாளி, ஒரே துணி, டயரைத் துடைத்த அதே துணியால் பானட்டையும் துடைப்பது. சாயங்கால வெயிலில் பார்த்தால் சிலந்திவலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடு தெரியும். மரத்தடி அவர்களே, முதல் செலவு இரண்டு வாளி (ஒன்று ஷாம்பூவுக்கு, ஒன்று துணியை அலச), நடுநிலை பிஎச் ஷாம்பூ (அமிலமும் காரமும் இல்லாதது), நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலைந்து. சீலன்ட் அப்புறம்.

பாலிமர்_பித்தன்
கழுவும் முறை பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 'சீலன்ட் அப்புறம்' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வெறும் கிளியர் கோட்டில் மரப்பிசினும் பூச்சி எச்சமும் நேரடியாக ஒட்டும். எடுக்கத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் கீறும். நடுவில் வழுக்கலாக ஒரு படலம் இருந்தால் ஊறவைத்துத் துடைத்தாலே வரும். வெயில் தடுப்பு என்று விற்பது பொய்யாகவே இருக்கட்டும், அதற்காகச் சீலன்ட்டே வீண் என்று ஆகிவிடாது.

மெழுகு_மாமா
இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், அவர் கேட்ட பளபளப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கருப்புக்குக் கார்னோபா தருகிற ஆழம் வேறு எதிலும் வராது. சீலன்ட் போட்ட வண்டி கண்ணாடி போட்ட மாதிரி விறைப்பாகத் தெரியும். மெழுகு போட்டால் நிறம் ஈரமாகத் தெரியும். ஒரு மாதம்தான் நிற்குமா? நிற்கட்டும். எனக்கு அந்த வேலையே பிடிக்கும்.

இரண்டும் வேண்டுமென்றால் சீலன்ட் முதலில், அது நன்றாக இறுகியபின் மேலே வாக்ஸ். மாற்றிப் போட்டால் சீலன்ட் ஒட்டாது, அடியில் எண்ணெய்ப்பசை இருக்கும்.

வெறுந்தண்ணீர்
மாமா, அந்த ஆழம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் யோசித்துப் பாருங்கள். பரப்பு எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவு பளபளப்பு. நுண்கீறல் இருந்தால் ஒளி சிதறும், கருப்பு சாம்பலாகத் தெரியும். வாக்ஸில் இருக்கிற எண்ணெய் அந்தக் கீறல்களைத் தற்காலிகமாக நிரப்பி மறைக்கிறது. இரண்டு மழை பெய்தால் கீறல் மறுபடி எட்டிப்பார்க்கும். ஒழுங்காக பாலிஷ் செய்த பெயின்ட்டில் எதையும் பூசாமலே முகம் தெரியும்.

மெழுகு_மாமா
மறைத்தால் என்ன குற்றம்? ஒவ்வொரு கீறலுக்கும் பாலிஷ் போட்டுக் கிளியர் கோட்டைச் செதுக்கிக்கொண்டே போவதைவிட மறைப்பது மேல். அது திரும்ப வளராது.

ஸ்ப்ரேகன்_சித்தப்பா
பெயின்ட் அடிப்பதே என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாமா கடைசியாகச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மெஷின் பாலிஷ் ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட்டில் ஒரு பங்கைத் தின்னும். புது வண்டியில் அது கட்டாயம் தேவைப்பட்டால்தான். ஆனால் தம்பி, வண்டி புதிது என்பதால் பெயின்ட் சுத்தமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். யார்டில் மாதக்கணக்கில் நின்றிருக்கலாம், ரயில் வழியாக வந்திருக்கலாம். இரும்புத்தூள் படிந்திருக்கும். கழுவிக் காய்ந்தபின் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பானட்டைத் தடவுங்கள். சொரசொரப்பு இருந்தால் விரலுக்கு நன்றாகத் தெரியும். இரும்பு கரைக்கும் திரவம் அடித்தால் ஊதா நிறமாக வழியும். நாற்றம் தாங்க முடியாது, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மிச்சத்துக்கு க்ளே பார் (படிந்த அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி), வழுக்கலுக்குத் தண்ணீரோ ஷாம்பூவோ நிறைய விட்டு, அழுத்தாமல். கீழே விழுந்த க்ளேயைத் தூக்கி எறிந்துவிடுங்கள், திரும்ப வண்டியில் வைக்காதீர்கள். இதைச் செய்யாமல் சீலன்ட் போட்டால் அழுக்கின்மேல் போட்டதாகத்தான் அர்த்தம். செராமிக் என்றால் இன்னும் மோசம், அழுக்கை வருடக்கணக்கில் உள்ளே பூட்டிவைப்பீர்கள்.

இன்னொன்று. எங்காவது இடித்துப் புதிதாக பெயின்ட் அடித்த பேனலுக்கு உடனே எதையும் பூசக்கூடாது. கம்பெனியில் 140 டிகிரி அளவில் சுட்டு எடுக்கிறார்கள், அது முழுதாக இறுகித்தான் வெளியே வரும். எங்கள் பெயின்ட் அறையில் 60 டிகிரிதான், சில இடங்களில் அதுவும் இல்லை. கரைப்பான் வெளியேற ஒன்றிலிருந்து மூன்று மாதம் விடுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சிலிகோன் சமாசாரம் எதைப் போட்டிருந்தாலும் எங்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் புதுப் பெயின்ட் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும், பழி எங்கள்மேல் வரும்.

மரத்தடி_டிரைவர்
சித்தப்பா, மிக்க நன்றி. பிளாஸ்டிக் பை வேலையை இன்றே செய்து பார்க்கிறேன். இரண்டு கேள்வி. ஒன்று, போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுகிறது. இதற்கு எது நல்லது? இரண்டு, 'டெஃப்ளான் கோட்டிங்' என்று ஒன்று மலிவாகச் சொன்னார்கள். அது எப்படி?

நானோ_நாயகன்
முதல் கேள்விக்குச் செராமிக்தான். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடிவிடும், தங்கினால்தானே வட்டம்?

பாலிமர்_பித்தன்
ஓடினால் சரி. ரூஃப், பானட், டிக்கி மூடி எல்லாம் படுக்கை மட்டமாக இருக்கிறதே, முத்து எங்கே ஓடும்? அங்கேயே உட்கார்ந்து வற்றும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் குவிந்து நிற்கும். எவ்வளவு அழகாக முத்துக்கட்டுகிறதோ அவ்வளவு கறை. செராமிக் போட்டவர்கள் அதிகம் புலம்புவதே இதற்குத்தான். இணையத்தில் முத்துமுத்தான படத்தைப் போட்டு 'பாதுகாப்பு பாருங்கள்' என்பார்கள். முத்து கட்டுவது பரப்பின் குணம், பாதுகாப்புக்கு அளவுகோல் இல்லை. விரிப்பு விரிப்பாக வழிந்தோடுகிற சீலன்ட்கள் உண்டு, போர் தண்ணீர்க்காரருக்கு அதுதான் தோது.

டெஃப்ளான் பற்றி: அந்தப் பொருள் உருகுவதே 327 டிகிரியில். வாணலியில் அதைப் பெரிய சூட்டில் சுட்டுத்தான் ஒட்டவைக்கிறார்கள். கார்மேல் துணியால் தேய்த்தால் அப்படி ஒட்டாது. அந்த டப்பாவில் வேலை செய்வது கூடவே இருக்கிற சாதாரண வாக்ஸோ சிலிகோனோதான். பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

நானோ_நாயகன்
முத்துக் கறை விஷயம் பாதி உண்மை, பாதி சோம்பேறித்தனம். எதைப் பூசினாலும் கடின நீரை வெயிலில் காயவிட்டால் கறை விழும், பித்தனின் சீலன்ட் ஒன்றும் மந்திரம் போடாது. நிழலில் கழுவுங்கள், பேனல் சூடாக இருக்கும்போது தண்ணீர் விடாதீர்கள், கழுவி முடித்த கையோடு துவட்டுங்கள். விழுந்த கறைக்கு வெள்ளை வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே அலசிவிடுங்கள்.

டெஃப்ளான் விஷயத்தில் பித்தனோடு ஒத்துப்போகிறேன், தேதி குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வெறுந்தண்ணீர்
மரத்தடியில் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார், பறவை எச்சத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

ஸ்ப்ரேகன்_சித்தப்பா
அதுதான் பெரிய எதிரி. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும், மேலே எச்சம் காய்ந்து கெட்டியாகும், இரவில் பெயின்ட் சுருங்கும்போது அந்த எச்சத்தின் வடிவத்துக்கே படிந்துவிடும். அதனால்தான் துடைத்த பிறகும் தழும்பு தெரிகிறது. சீலன்ட்டோ செராமிக்கோ சில மணிநேரம் வாங்கித் தரும், தடுக்காது. 'எச்சம் படியவே படியாது' என்று சொல்லிச் செராமிக் விற்றால் நம்பாதீர்கள். ஈரத்துணியை மேலே போட்டு ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டவே கூடாது. உண்மையான தடுப்பு வேண்டுமென்றால் பிபிஎஃப் பிலிம் (பெயின்ட்மேல் ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் உறை), 150 முதல் 200 மைக்ரான் தடிமன், அதன் செலவு வேறு கதை.

நானோ_நாயகன்
சித்தப்பாவோடு சண்டை போட முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இவர் வெயிலிலும் மரத்தடியிலும் நிறுத்துகிறவர். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கழுவி, க்ளே பிடித்து, சீலன்ட் பூசுவாரா? முதல் தடவை ஆசையாகச் செய்வார். அடுத்தது தள்ளிப்போகும். சீலன்ட் தோற்பது வேதியியலால் இல்லை, ஆளின் சோம்பலால்.

பாலிமர்_பித்தன்
இது நியாயமான கேள்வி. ஆனால் அதே சோம்பல்காரர் கையில் செராமிக் என்ன ஆகும்? துடைக்க வேண்டிய நேரம் தப்பினால் அங்கங்கே திட்டாக இறுகிப்போகும், அதை எடுக்கப் பாலிஷ்தான் வழி. முன்னால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப்பசை எடுக்க வேண்டும். பூசியபின் ஒரு நாளாவது நனையக்கூடாது, பல கோட்டிங்குக்கு ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. கூரையே இல்லாதவர் இதை எங்கே வைத்துச் செய்வார்? வெளியில் கொடுத்துப் போட்டால் வருடாவருடம் பரிசோதனைக்குப் போகாவிட்டால் வாரன்ட்டி செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். சீலன்ட்டில் சொதப்பினால் மறுபடி துடைத்தால் போதும்.

மரத்தடி_டிரைவர்
பிளாஸ்டிக் பை சோதனை முடிந்தது. ரூஃபும் பானட்டும் மணல்தாள் மாதிரி இருக்கின்றன, கதவுகள் பரவாயில்லை.

முடிவு: இப்போதைக்குச் சீலன்ட். நண்பர் ஒருவரின் மூடிய ஷெட் ஒரு நாளைக்குக் கிடைக்கும். ஒருநாள் முழுக்க நனையாமல் வைக்கலாம், ஒரு வாரமெல்லாம் முடியாது. நாயகன் சொன்ன சோம்பல் எனக்கு உண்டா இல்லையா என்பது அடுத்த பூச்சின்போது தெரிந்துவிடும். எவ்வளவு எடுக்க வேண்டும், எத்தனை பூச்சு?

பாலிமர்_பித்தன்
ஒரு பேனலுக்குப் பட்டாணி அளவில் ஒன்றிரண்டு சொட்டுப் போதும். அதிகம் போட்டால் அதிகம் காக்கும் என்பது கிடையாது, துடைக்கத்தான் கஷ்டம். இரண்டாவது பூச்சு முதலில் விட்டுப்போன இடத்தை மூடுவதற்குத்தான். முதல் பூச்சு இறுக எவ்வளவு நேரம் என்று டப்பாவிலேயே இருக்கும், பெரும்பாலும் 12 முதல் 24 மணி. உங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது என்பதால் ஒரே பூச்சைக் கவனமாகப் போடுங்கள்.

நானோ_நாயகன்
சிலிக்கா கலந்த ஸ்ப்ரே சீலன்ட் ஒன்றும் வாங்கி வையுங்கள். மாதம் ஒருமுறை கழுவியதும் அடித்துத் துடைத்தால் அடிப்பூச்சு இன்னும் கொஞ்சம் நாள் நீடிக்கும். செராமிக் பக்கம் ஒரு கால் வைத்த மாதிரியும் இருக்கும்.

ஸ்ப்ரேகன்_சித்தப்பா
பூசுவதற்கு முன் கருப்பு பிளாஸ்டிக் பகுதிகளுக்கும் ரப்பர் ஓரங்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும், எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மெழுகு_மாமா
சீலன்ட் இறுகி ஒரு மாதம் போகட்டும். அப்புறம் பானட்டில் மட்டும் பாதிக்கு வாக்ஸ் போட்டு, போட்ட பாதி, போடாத பாதி இரண்டையும் படமெடுத்து இங்கே போடுங்கள். வெறுந்தண்ணீர்தான் முதலில் பார்க்க வேண்டும்.