ஃபைபர் படகின் ஹல்லுக்கு (வெளி உடலுக்கு) வாக்ஸா, செராமிக் கோட்டிங்கா?

உப்புக்காத்து:
வணக்கம் நண்பர்களே. 19 அடி ஃபைபர் படகு, கருநீல ஜெல்கோட் (ஃபைபரின் மேல் இருக்கும் நிறப்பூச்சு). பெரும்பாலும் டிரெய்லரில்தான் நிற்கும், மேலே கூரை கிடையாது. சீசனில் மட்டும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரில் கட்டிக் கிடக்கும். அணியத்தின் (முன்பகுதியின்) இரண்டு பக்கமும் வெளிறத் தொடங்கிவிட்டது. வெள்ளைத் துணியால் தேய்த்தால் நீலம் கலந்த மாவு ஒட்டுகிறது. இதுவரை பேஸ்ட் வாக்ஸ்தான் போட்டிருக்கிறது. இந்த முறை செராமிக் (பூசியதும் கெட்டியாக இறுகும் திரவப் பூச்சு) போடலாமா? பழைய வாக்ஸ் மேலேயே போட முடியுமா? வாட்டர்லைனுக்கு, அதாவது தண்ணீர் தொடும் மட்டத்துக்குக் கீழேயும் போட்டால் பாசி பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?

பாய்மரம்:
எதைப் போடுவது என்பது அப்புறம். முதலில் அந்த மாவு போக வேண்டும். வெயிலில் ஜெல்கோட்டின் மேல்தோல் சிதைந்து உதிர்வதுதான் அது. அதன் மேல் செராமிக் போட்டால் கோட்டிங் மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், ஜெல்கோட்டை அல்ல. மாவு உதிரும்போது கூடவே திட்டுத்திட்டாகப் போய்விடும். வாக்ஸ் மேலே போட்டாலும் இதே கதை. வாக்ஸ் இருக்கும் இடத்தில் செராமிக் ஒட்டவே ஒட்டாது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, வாக்ஸ் நீக்கும் சால்வென்ட்டால் துடைத்து எடுங்கள். துணியை அடிக்கடி திருப்பிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கரைந்த வாக்ஸைத் திரும்ப ஹல்லிலேயே தடவிக்கொண்டிருப்பீர்கள். வாட்டர்லைன் ஓரத்து மஞ்சள் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் கலந்த ஹல் கிளீனர் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய விடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

அடுத்தது காம்பவுண்ட், அதாவது மேல்தோலைத் தேய்த்தெடுக்கும் பசை. ரோட்டரி பாலிஷரில் கம்பளிப் பேடு, வேகம் 1000 முதல் 1500 ஆர்பிஎம், ஒரு தடவைக்கு 60 செ.மீ. சதுரம். ஜெல்கோட்டின் தடிமனே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். மூலைகளிலும் விளிம்பு மடிப்புகளிலும் இன்னும் குறைவாக இருக்கும். அங்கே பேடை நிறுத்தி அழுத்தினால் ஃபைபர் தெரிந்துவிடும். அதனால் விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டு, அந்த இடத்தைக் கையால் தேயுங்கள். காம்பவுண்டுக்கு மசியாவிட்டால் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்த்துவிட்டு மறுபடி காம்பவுண்டுக்கு வாருங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய், கீறலையும் வெளிறலையும் தற்காலிகமாக நிரப்பிப் பளபளப்புக் காட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெளிறல் திரும்பி வந்தால் மாவு இன்னும் போகவில்லை. கருநீலத்தில் இது அப்பட்டமாகத் தெரியும்.

இவ்வளவும் முடித்த பிறகு வாக்ஸ் போடுவது உழைப்பை வீணாக்குவது. செராமிக்கே போடுங்கள்.

துடுப்பு:
பாய்மரம் சொன்ன தயாரிப்பு வேலை முழுக்கச் சரி. கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. திறந்தவெளியில் நிற்கும் படகுக்குச் செராமிக் போட நிழல் வேண்டும், பனி இறங்காத இடம் வேண்டும், குறைந்தது ஒரு முழு நாள் சொட்டு ஈரம் படக்கூடாது. கூரை இல்லாதவருக்கு இது எங்கே கிடைக்கும்?

வாக்ஸ் வெயிலில் உருகி ஓடிவிடும் என்பது சும்மா பேச்சு. வாக்ஸில் இருக்கும் கார்னுபா மெழுகு உருகவே 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அது போவது புற ஊதாக் கதிராலும், உப்பாலும், நாம் போடும் காட்டமான சோப்பாலும்தான். வெட்டவெளியில் இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் தகடாகப் பரவுகிறதா, அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் பாலிமர் சீலன்ட் இருப்பதை ஏன் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்? வாக்ஸ் மாதிரியே சுலபமாகப் போடலாம், நாலைந்து மாதம் தாங்கும்.

"9எச் கடினம், கீறல் விழாது" என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். அது பென்சில் வைத்துச் சோதிக்கும் அளவுகோல். கோட்டிங்கின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். படகு துறைச் சுவரில் உரசினால் வாக்ஸானாலும் செராமிக்கானாலும் கோடு விழத்தான் செய்யும்.

நங்கூரம்:
வாட்டர்லைனுக்குக் கீழே உள்ள விஷயத்தை மட்டும் சொல்கிறேன். செராமிக் ஆன்டிஃபவுலிங் (கடல் உயிரிகள் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) அல்ல. அதில் உயிரிகளைத் தடுக்கும் மருந்து எதுவும் கிடையாது. வெதுவெதுப்பான கடல்நீரில் பத்து நாள் கிடந்தால் வழவழப்பான பாசிப் படலம் கட்டாயம் வரும், கொட்டலசும் ஒட்டலாம். செராமிக் போட்டிருந்தால் தண்ணீரிலிருந்து ஏற்றிய உடனே, காய்வதற்குள், பிரஷர் வாஷரிலோ பஞ்சிலோ சுலபமாகக் கழன்றுவரும். அவ்வளவுதான் லாபம். டிரெய்லர் படகுக்கு அதுவே பெரிய விஷயம் என்பதால் போடலாம். டிரெய்லரின் கார்ப்பெட் பலகைகள் உரசும் பட்டைகளில் மட்டும் கோட்டிங் சீக்கிரம் தேயும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான செராமிக் லேபிள்களில் தொடர்ந்து நீரில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு இல்லை என்று போட்டிருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கப்போகிற படகென்றால் கீழே ஆன்டிஃபவுலிங் பெயிண்ட்தான், வேறு வழியில்லை. என்றைக்காவது அந்தப் பெயிண்டுக்கு மாறுவீர்கள் என்றால் இப்போது கீழே எதையும் போடாதீர்கள். வாக்ஸை சால்வென்ட்டால் எடுத்துவிடலாம். செராமிக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு திட்டு மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் அங்கே தகடாக உரியும். ஏற்கெனவே ஆன்டிஃபவுலிங் இருக்கும் படகில் அதன் மேல் வாக்ஸ் பூசுவது இன்னும் மோசம். மருந்து வெளியே கசிந்தால்தான் அந்தப் பெயிண்டுக்கு வேலை, வாக்ஸ் அதை அடைத்துவிடும்.

உப்புக்காத்து:
மிக்க நன்றி. ஒரு ஷெட்டில் நாலைந்து நாள் இடம் கிடைக்கும், அதனால் செராமிக் பக்கம்தான் சாய்கிறேன். எவ்வளவு மில்லி வாங்குவது? போடும்போது எது சொதப்பும்?

பாய்மரம்:
பரப்பளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 19 அடி என்றால் 5.8 மீட்டர். வாட்டர்லைனுக்கு மேல் உயரம் 0.8 மீட்டர் என்று வைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 9.3 சதுர மீட்டர், அமரத்துப் பலகை (பின்பக்கம்) ஒன்றேகால், ஆக மொத்தம் பத்தரை. உங்கள் படகில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் கணக்கு பெரும்பாலும் கார் பெயிண்டை வைத்துச் சொன்னது. ஜெல்கோட் கொஞ்சம் குடிக்கும். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். இரண்டு கோட் என்றால் அதற்கும் சேர்த்து.

சொதப்புவது துடைக்கும் நேரத்தில்தான். ஹல்லைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், காற்று 10 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அப்ளிகேட்டரில் எட்டு பத்துச் சொட்டு விட்டு, 60 செ.மீ. சதுரத்தில் முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காகத் தடவுங்கள். தண்ணீரில் மிதக்கும் டீசல் போல வானவில் நிறம் ஓடும். அது வந்ததும் துடைக்க வேண்டும். சூடான நாளில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடும், குளிரில் இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். முதல் மைக்ரோஃபைபரால் சமப்படுத்தி, இரண்டாவதால் மெருகேற்றுங்கள்.

விட்டுவிட்டால் கறுப்புத் திட்டாக உறைந்து நிற்கும். சில நிமிடங்களுக்குள் பார்த்துவிட்டால் அதன் மேலேயே புதுச் சொட்டு விட்டு இளக்கித் துடைக்கலாம். மறுநாள் என்றால் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடி பூச வேண்டியதுதான். கருநீலத்தில் ஒரு திட்டும் மறையாது, ஆகவே ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். பயன்படுத்திய துணிகளைத் துவைத்து எடுத்துவைக்காதீர்கள், இறுகிப்போய் அடுத்த முறை கீறும்.

24 மணி நேரம் ஈரம் படக்கூடாது, ஒரு வாரம் சோப்பும் கடலும் வேண்டாம். வழுக்காத தளப்பகுதியில் இதைப் போட்டுவிடாதீர்கள், ஈரக்காலில் சறுக்கும்.

துடுப்பு:
ஷெட் கிடைத்தால் நானும் செராமிக் என்றே சொல்வேன். கழுவும் விஷயம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். செராமிக் மேல் தண்ணீர் முத்தாக நின்று காய்ந்தால் அந்தந்த இடத்தில் வட்ட வட்டமாக உப்புக்கறை படியும். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் புதுக்கறை போய்விடும், நாள்பட்டது போகாது. சோப்பு பிஹெச் 7 அளவில் இருக்கட்டும். "கிளீனர் வாக்ஸ்" என்று விற்பதை மட்டும் அதன் மேல் தொடாதீர்கள். அதில் தேய்ப்புத் துகள் இருக்கிறது, கோட்டிங்கையே அரித்துவிடும்.