தொண்டு நிறுவனத்தில் கணினி வேலை: முதல் வேலையாக ஏற்கலாமா?

தங்கச்சிமடம்_மாணவி (ஞாயிறு, இரவு 8.40)

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு கணினி அறிவியலில் பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா கருவாடு விற்கிறார். கல்லூரி வளாகத் தேர்வில் சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் சேரும் நாளை இரண்டு முறை தள்ளி வைத்துவிட்டு, இப்போது அடுத்த மாதம் வரச் சொல்கிறது. அதற்குள், மீனவ மகளிர் குழுக்களிடையே பணிபுரியும் இராமநாதபுரத்து அறக்கட்டளை ஒன்றிலிருந்து ‘தரவு அலுவலர்’ வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் சென்னையில் சொன்னதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. வீட்டிலிருந்தே பேருந்தில் போய் வரலாம். நம் ஊருக்குப் பயன்படும் வேலை என்பதால் எனக்கு இதில்தான் விருப்பம். இங்கே தொடங்கினால் தொழில்நுட்பத் துறையில் மேலே போக வழி உண்டா, அல்லது இரண்டு மூன்று ஆண்டுகளில் தேங்கிவிடுவேனா என்பதே என் கவலை. இத்துறையை உள்ளிருந்து பார்த்தவர்கள் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

நெய்தல்_தொண்டி (ஞாயிறு, இரவு 9.25)

தங்கச்சி, சென்னைக்குப் போங்கள். இதை வெறுப்பில் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் இதே கடற்கரையில் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த அலுவலகத்தில் கணினி தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் அச்சுப்பொறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கணக்கருக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் திறக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மகளிர் தின விழாவுக்குப் பதாகை வடிவமைப்பதும் என் வேலைதான். நிரல் எழுதுவதற்கு மிஞ்சியது மாலை நேரம் மட்டுமே. நான் எழுதிய நிரலைப் படித்துப் பார்த்து, ‘இந்த இடத்தில் தவறு, இதை இப்படி மாற்று’ என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. என் முதல் மூன்று ஆண்டுத் தவறுகள் யாரும் திருத்தாமல் பழக்கமாகவே மாறிவிட்டன; சென்னைக்கு வந்த பிறகு அவற்றை ஒவ்வொன்றாகக் களைய எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீன் விலையையும் காற்று எச்சரிக்கையையும் தமிழில் காட்டும் செயலி ஒன்றை அங்கே செய்தோம். கரையில் இருப்பவர்களுக்கு அது பழக்கத்துக்கு வந்து, அதிகாலையில் அதைப் பார்த்துவிட்டு இறங்கும் நிலை உருவானபோது திட்டக் காலம் முடிந்தது. செயலியை இயக்கும் சேவையகத்துக்கு (சர்வர்) வாடகை கட்டப் பணம் இல்லை. ஒரு நாள் காலையில் செயலி திறக்கவில்லை. பெரியவர் ஒருவர் என் வீடு தேடி வந்து கைப்பேசியை நீட்டி, ‘தம்பி, காற்று காட்ட மாட்டேங்குது’ என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? அதே ஆண்டில் நிதி தருபவரின் இரண்டாம் தவணை தாமதமானதால் எங்கள் யாருக்கும் இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாசிக்கரை (திங்கள், காலை 6.50)

நெய்தல் சொன்ன கசப்பு உண்மையானது. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை நான் ஏற்கவில்லை. ஆறு ஆண்டுகளாக இம்மாவட்டத்தில் ஓர் அமைப்பின் தரவுப் பணியைப் பார்த்து வருகிறேன். இந்த வேலையில் கற்பதற்கு ஒன்றும் இல்லை என்பவர்கள், ஒரு கணக்கெடுப்புப் படிவத்தைக் கடற்கரையில் வைத்துப் பார்க்காதவர்கள் என்றே நினைக்கிறேன்.

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் கணக்கெடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு வந்த படிவத்தில் ‘தொழில்’ என்ற கேள்விக்கு விசைப்படகு, நாட்டுப்படகு, கூலி, இல்லத்தரசி என நான்கு விடைகளே இருந்தன. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கும் ஒரு பெண்ணைக் களப்பணியாளர் ‘இல்லத்தரசி’ என்று பதிவு செய்தார். அந்தத் தரவை அப்படியே விட்டிருந்தால், அறிக்கையில் அந்த ஊரில் உழைக்கும் பெண்களே இல்லை என்று வந்திருக்கும். அதைத் திருத்துவது எளிதாக இருந்தது. அடுத்தது எளிதாக இல்லை. கைப்பேசியில் நிரப்பும் அந்தப் படிவம் ஒவ்வொரு பதிலோடும் இடத்தின் ஆயத்தொலையை, அதாவது வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் எண்களை, தானாகவே சேமித்துக்கொண்டிருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கத் தடை இருப்பதால், அந்தப் பெண்கள் எங்கே எடுக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் தவறான கைக்குப் போனால் அவர்களுடைய பிழைப்பே போய்விடும். நான் படிவத்தில் இடத்தைப் பதியும் பகுதியை நீக்கி, ஏற்கெனவே சேர்ந்திருந்த ஆயத்தொலைகளை அழித்து, ஏன் அழித்தேன் என்பதை நிதி தருபவருக்கு இரண்டு பக்கத்தில் எழுதினேன். எந்தத் தரவைச் சேகரிக்கக் கூடாது என்று முடிவெடுப்பதும் தொழில்நுட்ப அறிவுதான். பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டிலேயே அப்படியொரு முடிவை எடுக்கும் பொறுப்பை எந்தப் பெரிய நிறுவனமும் எனக்குக் கொடுத்திருக்காது.

தங்கச்சி, இன்னொரு செய்தி. விசைப்படகுக் குடும்பங்களில் ஆண்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நிதானமாக வீட்டில் பார்க்க முடியும். ஆகவே ஊரெல்லாம் ஓய்ந்திருக்கும் அந்த இரண்டு மாதமும் நமக்கு மூச்சு விட நேரமிருக்காது. உச்சி வெயிலில் கைப்பேசித் திரை தெரியாது, அலைவரிசை கிடைக்காது, கோபோ, ஓ.டி.கே. போன்ற கணக்கெடுப்புச் செயலிகள் பதில்களைக் கைப்பேசியிலேயே வைத்திருந்து இணைப்பு கிடைக்கும்போது அனுப்பும் என்பதை மண்டபத்துக்கு அப்பால்தான் உண்மையில் புரிந்துகொள்வீர்கள்.

கணக்கர்_கீழக்கரை (திங்கள், மதியம் 1.15)

இருவரும் வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். நெய்தலின் செயலி நின்றதற்கும் சம்பளம் தாமதமானதற்கும் யாருடைய அக்கறையின்மையும் காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

தொண்டு அமைப்புகளுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி, இன்ன திட்டத்துக்கு இத்தனை ஆண்டு என்று கட்டி வருகிற பணம். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் முன்பு அதில் பாதி வரை நிர்வாகச் செலவுக்குப் பயன்படுத்தலாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் அதை 20 விழுக்காடாகக் குறைத்தது. மருத்துவமனையின் மருத்துவர், பள்ளியின் ஆசிரியர் போல நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றுவோரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. ஆனால் சேவையகத்தையும் அலுவலகக் கணினிகளையும் பராமரிக்கும் ஒருவரின் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தணிக்கையின்போது ஒவ்வோர் ஆண்டும் விவாதிக்கிறோம். பெரும்பாலும் அது அந்த 20 விழுக்காட்டுக்குள்தான் விழுகிறது. மேலும், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் அதே திருத்தம் தடுத்துவிட்டது. பெரிய அமைப்பு ஒன்று ஒரு தொழில்நுட்பக் குழுவை வைத்துக்கொண்டு, கரையோரத்தின் பத்துச் சிறிய அமைப்புகளுக்கும் அந்த நிதியைப் பிரித்துக் கொடுப்பது என்ற வழி அதோடு அடைபட்டது.

நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பின்தங்கிய மாவட்டங்களுக்காக ஒன்றிய அரசு 2018-இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரோடு நம் மாவட்டமும் சேர்ந்ததால், அந்த நிறுவனங்களின் பார்வை இங்கேயும் விழுகிறது. ஆனால் அதுவும் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும் பணமே.

ஆகவே, மாணவி அவர்களே, நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள். உங்கள் பணியிடத்துக்கு எந்தத் திட்டத்தின் நிதி, எந்த மாதம் வரை? அது முடிந்தால் என்ன ஏற்பாடு? சேவையக வாடகை எத்தனை ஆண்டுக்குக் கட்டப்பட்டிருக்கிறது, கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கின்றன? ஊழியர்கள் இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் வருங்கால வைப்பு நிதி பிடித்தம் கட்டாயம், அது உண்டா? கேட்டதற்காக முகம் சுளிக்கும் அமைப்பில் சேர வேண்டாம்.

நெய்தல்_தொண்டி (திங்கள், இரவு 10.05)

கணக்கர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. அந்த இரண்டு மாதங்களுக்கு என் இயக்குநரைத்தான் இத்தனை நாளாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஐயா சொன்னது என் கட்சியையே வலுப்படுத்துகிறது. பணத்தின் அமைப்பே இப்படி இருக்கிறதென்றால், நேற்றுப் படிப்பு முடித்த ஒருவரை ஏன் அதன் நடுவில் நிறுத்துகிறோம்? நான்கு ஆண்டு நிறுவனத்தில் இருந்து, கையில் கொஞ்சம் சேமிப்போடும் நன்றாகத் திருத்தப்பட்ட திறமையோடும் திரும்பி வரட்டும். அப்போது ஊருக்குக் கிடைப்பதும் நல்ல வேலையாக இருக்கும்.

பாசிக்கரை அக்கா படிவத்தைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த ஆயத்தொலைகளை அழித்தது பெரிய செயல். ஆனால் அக்கா, அழித்த விதம் சரியா, காப்புப்படியில் அவை இன்னும் கிடக்கின்றனவா என்று சரிபார்க்க உங்களுக்கு அடுத்த இருக்கையில் யாராவது இருந்தார்களா?

பாசிக்கரை (செவ்வாய், காலை 7.10)

இருக்கவில்லை. காப்புப்படியில் அவை நான்கு மாதம் இருந்தன. பிறகுதான் கண்டுபிடித்து நீக்கினேன். நீங்கள் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள் தம்பி, அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனாலும் ‘தொண்டு நிறுவனம்’ என்றால் நீங்கள் மூன்று அறை அலுவலகத்தையே நினைக்கிறீர்கள். மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஓர் அறக்கட்டளையின் கீழ் நடப்பதுதான். நாளொன்றுக்கு அங்கே வரும் நோயாளிகளின் பதிவேடுகளை நடத்துவதற்கு எவ்வளவு கணினிப் பணி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் 1988-இல் நிறுவப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற ஒன்றிய அரசின் கடல் தகவல் நிலையத்தின் கடல்நிலை முன்னறிவிப்பை மீனவர் கைப்பேசிக்குக் கொண்டுவரும் செயலியை நடத்தி வந்திருக்கிறது; அலை உயரம், காற்று, மீன் கிடைக்கக்கூடிய பகுதி, நாட்டின் கடல் எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. மதுரையின் தானம் அறக்கட்டளை நம் மாவட்டக் கண்மாய்களிலும் வேலை செய்கிறது. இங்கெல்லாம் நம் ஆட்கள் விண்ணப்பிப்பதே குறைவு. ‘மென்பொருள் பொறியாளர்’ என்று விளம்பரம் வராததுதான் காரணம். எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல் அமைப்பு) அலுவலர், கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலர், தரவு ஒருங்கிணைப்பாளர் என்ற பெயர்களுக்குள்தான் நம் வேலை ஒளிந்திருக்கிறது. டெவ்நெட் போன்ற வேலைத் தளங்களில் அந்தச் சொற்களை இட்டுத் தேடிப் பாருங்கள்.

திருத்துவதற்கு ஆள் இல்லை என்பதற்கும் ஒரு வழி உண்டு. இத்துறையில் புழங்கும் கருவிகளில் பல திறந்த மூலநிரல் கொண்டவை. ஓ.டி.கே., சுகாதாரத் தரவுக்கான ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ். 2, களத்தரவுக்கென நம் நாட்டிலேயே உருவான அவ்னி, வாட்ஸ்அப் வழியாகப் பேசும் கிளிஃபிக் ஆகிய எல்லாவற்றின் நிரலும் யாரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால், யாரென்று தெரியாத பொறியாளர் ஒருவர் வரிவரியாகக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவார். எனக்கு அடுத்த இருக்கை அதுதான். மெல்லக் கிடைத்த கல்வி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மண்டபம்_வாசகர் (செவ்வாய், மாலை 5.30)

ஒரு சிறு சேர்க்கை. தொழில்நுட்பம் என்றால் நிரல் மட்டும் அல்ல. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிக்கும் 90.4 கடல் ஓசை சமுதாய வானொலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிபரப்பி, ஒலிப்பதிவு, இணைய ஒலிபரப்பு என்று அதிலும் தொழில்நுட்ப வேலை இருக்கிறது. செயலி திறக்கத் தெரியாதவருக்கும் காற்று எச்சரிக்கை போய்ச் சேர்வது காதின் வழியாகத்தான்.

தங்கச்சிமடம்_மாணவி (வியாழன், இரவு 9.00)

நேற்று நேர்காணலுக்குப் போய் வந்தேன். கணக்கர் ஐயா எழுதித் தந்த கேள்விகளை எல்லாம் கேட்டேன். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. பணியிடத்துக்கு அடுத்த மார்ச் வரை, பதினோரு மாத ஒப்பந்தம். வைப்பு நிதி உண்டு. சேவையகத்துக்கு இரண்டு ஆண்டு வாடகை கட்டியாகிவிட்டது. கடவுச்சொற்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி இயக்குநரின் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அதை மாற்றுவதே என் முதல் வேலையாக இருக்கட்டும் என்று அவரே சொன்னார். மதுரையிலிருந்து மூத்த பொறியாளர் ஒருவர் மாதம் ஒரு முறை வருவார், மற்ற நாள்களில் நான் மட்டும்தான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். அச்சுப்பொறியைப் பற்றியும் கேட்டேன், அண்ணா. வாரத்தில் இரண்டு நாள் வேறு எதற்கும் கூப்பிடுவதில்லை என்று பணி ஆணையில் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள்.

சேர்வதென்று முடிவு செய்திருக்கிறேன். மார்ச் மாதம் நிதி தொடராவிட்டால் சென்னைக்குப் போவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார்.

நெய்தல்_தொண்டி (வியாழன், இரவு 9.40)

என் கருத்து மாறவில்லை, தங்கச்சி. முதல் வேலை நிறைய பேர் இருக்கும் இடத்தில் இருப்பதே நல்லது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் முடிவு எடுத்துவிட்டீர்கள். வாரா வாரம் எழுதும் நிரலை வெள்ளிக்கிழமை இரவுக்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள். பயனாளிகளின் பெயரோ எண்ணோ அதில் இருக்கக் கூடாது. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மாலைக்குள் படித்துக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.