பிளாஸ்டிக் குப்பைக்கென்று வரும் வெளிநாட்டுக் கூட்டுத் திட்டங்களை எதை வைத்து அளப்பது?

கரைவலை (உப்புவெளி):
எங்கள் கரையில் அடிக்கடி வெளிநாட்டுக் காசில் துப்புரவு நடக்கிறது. அடுத்த கிழமை வலை இழுத்தால் மடிக்குள் நெத்தலியோடு சம்பு பக்கற்றும் கிழிந்த பொலித்தீனும் திரும்ப ஏறுகின்றன. எத்தனை கிலோ அள்ளினார்கள் என்று கணக்குச் சொல்லும் திட்டத்தை நான் வெற்றி என்று ஏற்கமாட்டேன். பிளாஸ்டிக் கழிவுக்கு முடிவு கட்டப்போவதாக எண்ணெய், இரசாயனக் கொம்பனிகள் 2019இல் ஒரு கூட்டணி தொடங்கின. 150 கோடி டொலர் இலக்கு. கங்கைக் கழிவை அள்ள வாரணாசியில் அவர்கள் காசில் நடந்த திட்டம் இடையிலேயே நின்றுபோனது. புதுப் பிளாஸ்டிக் உற்பத்தி மட்டும் நிற்கவில்லை.

கொட்டியாரக்குடா (மூதூர்):
அண்ணை, எல்லாவற்றையும் ஒரே தராசில் போடாதீர்கள். பிரிட்டனிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த குப்பைக் கொன்டெய்னர்களை 2020 செப்டம்பரில் திருப்பி அனுப்பத் தொடங்கினோம். கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் போனது. நாடு விட்டு நாடு கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை கையில் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற சிறிய நாட்டின் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

கரைவலை:
சரி, அது சட்டம். சட்டத்துக்கு நான் எதிரில்லை. ஆனால் 2022 மார்ச்சில் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் கூட்டத்தில் என்ன சொன்னார்கள்? 2024 முடிவதற்குள் பிளாஸ்டிக்குக்கு உலக ஒப்பந்தம் என்றார்கள். தென்கொரியாவின் பூசானில் நடந்த பேச்சிலும் முடியவில்லை, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடியவில்லை. உற்பத்திக்கு வரம்பு என்றதும் எண்ணெய் நாடுகள் குறுக்கே நின்றன.

கொட்டியாரக்குடா:
பூசானில் 100க்கு மேற்பட்ட நாடுகள் அந்த வரம்பைக் கேட்டு நின்றதையும் சொல்லுங்கள். எல்லோரும் இணங்கினால்தான் முடிவு என்ற முறைதான் கழுத்தை நெரிக்கிறது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எங்கள் கடலில் எரிந்தபோது சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. அப்படியான சரக்குக்கு உலக விதி வேண்டாமா? பேச்சு இழுபடுகிறது என்று எழுந்து வந்துவிட முடியாது.

முருகைக்கல் (நிலாவெளி):
இரண்டு பேரும் மேலே நின்று பேசுகிறீர்கள், நான் சுழியோடுகிறவள், கடலுக்குக் கீழேயிருந்து சொல்கிறேன். புறாத்தீவுப் பக்கம் பாறையில் சிக்கிய நைலோன் வலையை அப்படியே இழுக்கக்கூடாது. இழுத்தால் கிளைப் பவளம் வலையோடு முறிந்து வந்துவிடும். கண்ணி கண்ணியாக வெட்டத்தான் வேண்டும். அதற்குக் கத்தி, காற்றுச் சிலிண்டர் (ஒட்சிசன் அல்ல), படகு, எண்ணெய் எல்லாம் வேண்டும். கைவிட்ட வலைகளுக்கென்றே 2015 முதல் ஓர் உலகக் கூட்டு முயற்சி இருக்கிறது; வலைக்கு அடையாளமிடுவதை அது வலியுறுத்துகிறது. எனக்கு அது பிரயோசனமான கூட்டு, ஏனென்றால் வலை தொலைவதற்கு முன்னாலேயே கை வைக்கிறது. அப்புறம் காசு. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டின் உதவியை முடக்கியபோது உலகம் முழுக்க எத்தனை வேலை நடுவில் நின்றது! ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும், அவர்கள் போனபிறகு குப்பை உழவியந்திரத்துக்கு எந்தச் சபை எண்ணெய் அடிக்கும் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

கரைவலை:
தங்கச்சி சொல்வதை ஏற்கிறேன். அதோடு, காசு தரும் கொம்பனி தன் சிறு பக்கற்றுகளை இங்கே விற்பதைக் குறைக்குமா என்றும் எங்கள் சங்கத்தில் கேட்பேன். பதில் இல்லையென்றால் என் கை உயராது.

கொட்டியாரக்குடா:
கேளுங்கள் அண்ணை. ஆனால் பதில் வரும்வரை, துறையில் பழைய வலை சேர்க்க ஓர் இடம் கட்டித் தருகிறோம் என்பவர்களைத் திருப்பி அனுப்ப நான் விடமாட்டேன்.