புதுப்பிப்பு: வயர் மாட்டியும் தாமதம், காரணம் கிடைத்தது

சண்டை கேமில் வயர்லெஸ் கன்ட்ரோலரின் பட்டனை அழுத்தினால் அடி தாமதமாக விழுகிறது, யூஎஸ்பி வயர் மாட்டியும் மாறவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? கேபிள் வெறும் சார்ஜ்தான் ஏற்றிக்கொண்டிருந்தது! செட்டிங்ஸில் இணைப்பு முறை புளூடூத்திலேயே இருந்திருக்கிறது. யூஎஸ்பிக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. என் விரலுக்காவது அப்படித்தான் தெரிகிறது.

நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. பட்டன் அழுந்தியதா என்று கேம் ஓடும் கருவி யூஎஸ்பி கன்ட்ரோலரை நொடிக்கு 125 முறை கேட்டால் இடைவெளி 8 மில்லி விநாடி. 1000 முறை என்றால் 1. வயருக்கு வயரே இத்தனை வித்தியாசம். ஆகவே வயர்லெஸ் என்றாலே மெது என்று அன்று நான் அடித்துச் சொன்னது தப்பு. நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் குட்டி வயர்லெஸ் ரிசீவர்) சுமாரான வயரை முந்திவிடும்.

ஆனால் போட்டி அரங்கு வேறு கதை. முன்பு ஆடியவர் வயர்லெஸ் இணைப்பைத் துண்டிக்காமல் பையில் போட்ட கன்ட்ரோலரில் பட்டன் அழுந்தினால், அடுத்தவர் ஆட்டம் பாதியில் நிற்கும். அங்கே வயர்தான் எடுத்துப் போவேன்.