வீரமரணச் செய்தியை வீட்டுக்குக் கொண்டு போனவர்கள், வாசலில் நின்று கேட்டவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு. அங்கே கூட, போரில் ஒருவர் இறந்தால் செய்தி எப்படி வீட்டுக்கு வருகிறது என்று பலருக்குத் தெரியாது. யூனிட்டிலிருந்து, வீரர்களின் விவரங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் போகும். கலெக்டர் ஆபீசுக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போகும். அங்கிருந்து தாசில்தார், அப்புறம் வி.ஏ.ஓ. கடைசியில் வாசலில் போய் நிற்பது பல நேரம் வி.ஏ.ஓ.வும் ஒரு போலீஸ்காரரும்தான். இதற்கென்று அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை.

1962, 65, 71 சண்டைகளில் இறந்தவர்களைப் பெரும்பாலும் களத்துப் பக்கத்திலேயே எரித்தார்கள், இல்லையென்றால் புதைத்தார்கள். வீட்டுக்கு வந்தது தந்தி, பின்னாலேயே அவருடைய சாமான்களோடு கறுப்பு டிரங்குப் பெட்டி. கார்கிலில்தான் உடலை ஊருக்கே அனுப்புவது வழக்கமானது. அந்தப் போரில் நம் பக்கம் 527 பேர் இறந்தார்கள். ஆனால் உடலும் உடனே கிடைத்துவிடாது. திருச்சி மேஜர் சரவணன் கார்கில் பக்கத்து பட்டாலிக்கில் 1999 மே 29 அன்று உயிர்விட்டார். அவர் உடலை மலையிலிருந்து மீட்க ஜூலை ஆகிவிட்டது. அத்தனை நாளும் அந்தக் குடும்பம் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தது.

அந்த வருஷம் நான் ஹவில்தார். எங்கள் கம்பெனிப் பையன் ஒருவனின் உடலோடு எஸ்கார்ட்டாக என்னை அனுப்பினார்கள். தமிழ் பேசுகிறவன் என்பதுதான் காரணம். ஊர் எல்லையிலேயே அவனுடைய பெரியப்பா வண்டியை நிறுத்தி என்னைத் தனியே அழைத்துப் போனார். "அவங்கம்மாகிட்ட இன்னும் சொல்லலை சார். காலுல குண்டு பட்டிருக்கு, ஆஸ்பத்திரில இருக்கான்னுதான் சொல்லி வச்சிருக்கோம்" என்றார். வி.ஏ.ஓ. வந்து ஆண்களிடம் விவரத்தைச் சொல்லியிருக்கிறார். உடல் வந்ததும் அம்மாவுக்குத் தெரிந்தால் போதும் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள்.

நான் மட்டும் முன்னால் நடந்து போனேன். திண்ணையில் ஒரு ஒயர்கூடை தயாராக இருந்தது. எலுமிச்சை ஊறுகாய் பாட்டில், கம்பளி, ஒரு தூக்குச்சட்டி, விபூதிப் பொட்டலம். யூனிபார்மைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து, "எந்த ஆஸ்பத்திரிப்பா? நான் கிளம்பித்தான் இருக்கேன்" என்றார்கள்.

"அம்மா, நான் தம்பி கூட இருந்தவன். தம்பி இறந்துட்டான்மா. கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான். "நீ பாத்தியா?" பார்த்தேன் என்றேன். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

பதமாகச் சொல்கிறோம் என்று "சீரியஸ்", "அடிபட்டிருக்கு" என்று சொல்வது நம் ஊரில் இன்னமும் நடக்கிறது. அது வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பெற்றவளுக்குப் பொய்யான நம்பிக்கையைக் கொடுத்து, அதைப் பெட்டியோடு சேர்த்துப் பறிக்கிற வேலை அது.

முன்னாள் தந்திப் பணியாளர், தூத்துக்குடி மாவட்டம்

சுபேதார் ஐயா சொன்னது நூறு சதம் சரி. இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த சமயம் நான் தந்தி கொண்டு போய்க் கொடுக்கிற வேலையில் இருந்தேன். அங்கே இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேலே இறந்தார்கள். எங்கள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் பையன்கள் போயிருந்தார்கள்.

அப்போதெல்லாம் என் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தாலே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சாதாரணத் தந்தி என்றால் தெருமுனையிலிருந்தே, "நல்ல சேதிதான், வேலைக்கு வந்தது, பயப்படாதீங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே போவேன். அதனால் நான் வாய் திறக்காமல் வந்தாலே ஊருக்குப் புரிந்துவிடும். சாவுத் தந்தி என்றால் தனியாகப் போக மாட்டேன். வழியில் பள்ளிக்கூட வாத்தியாரையோ பங்காளி யாரையோ சைக்கிளில் ஏற்றிக்கொள்வேன். தந்தி இங்கிலீஷில் இருக்கும், யாராவது படித்துச் சொல்ல வேண்டுமே.

ஒன்றை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை. தந்தி பெற்றுக்கொண்டதற்கு நேரம் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அது விதி. உள்ளே குலவை போட்டுக் குழந்தைக்குக் காது குத்துகிற வீட்டில் அந்தச் சீட்டை நீட்டியிருக்கிறேன். இறந்தவனுடைய அக்கா பிள்ளைக்குத்தான் காதுகுத்து.

ராணுவ வீரரின் மனைவி, சிவகங்கை

2020 ஜூன் 16, சீன எல்லையில் கல்வான் மோதல். மதியம் டிவியில் மூன்று பேர் இறந்தார்கள் என்றார்கள். அதில் ஒருவர் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. ராத்திரி இருபது பேர் என்றார்கள். என் வீட்டுக்காரரும் அப்போது லடாக்கில். போன் போகவில்லை. ஆனால் என் போன் ஓயவில்லை. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், நிருபர் என்று ஒருவர், எல்லாரும் "உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்றுதான் கேட்டார்கள். மறுநாள் தெரியாத நம்பரிலிருந்து ஹிந்தியில் ஒரு குரல், "பாபிஜி" (அண்ணி) என்றது. எனக்குக் கை மரத்துப்போனது. என் வீட்டுக்காரரோடு இருப்பவர்தான், போனை இவரிடம் கொடுத்தார். அதே போன் வேறொரு வீட்டுக்கு வேறு மாதிரி போயிருக்கும். எனக்காவது ஹிந்தி புரியும். மாமியார் எடுத்திருந்தால்?

வாட்ஸ்அப்பில் போட்டோ போடுகிறவர்களே, வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் பெயரையும் படத்தையும் பரப்பாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிளிநொச்சி

நாங்கள் மற்றப் பக்கம், புலிகளின்ர பக்கம். எழுதலாமோ தெரியேல்லை, எண்டாலும் எழுதுறன். எங்கட அண்ணா 2000-ல ஆனையிறவுச் சண்டையில வீரச்சாவு. அரசியல்துறை ஆக்கள் ரெண்டு பேர் வந்தவை. அம்மாவை இருத்திப்போட்டுத்தான் சொன்னவை. சொன்ன பிள்ளைக்கு இருபது வயசும் இராது. அம்மா அவனைத்தான் கட்டிப்பிடிச்சு அழுதவ.

தங்கச்சி 2009-ல முள்ளிவாய்க்கால்ல இருந்தவள். அந்த மே மாசத்துக்குப் பிறகு அவளைப் பற்றி ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. 2017 பெப்ரவரி 20-ல கந்தசுவாமி கோயிலடியில, காணாமல் ஆக்கப்பட்டவையைத் தேடித் தொடங்கின போராட்டத்தில அம்மாவும் படத்தோட போய் இருந்தவ. பதில் இல்லாமலே அங்க கனபேர் செத்துப்போச்சினம். நீங்கள் வாசலில வந்து சொன்னதைப் பற்றி எழுதுறியள். சொல்ல ஆள் வந்ததே பெரிய விசயம் எண்டு எங்கட அம்மா சொல்லுவா.

ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்

கிளிநொச்சியிலிருந்து எழுதியவருக்கு: தாராளமாக எழுதலாம். பிள்ளையை இழந்த தாய்க்கு எந்தப் பக்கமும் இல்லை. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் தங்கை விஷயத்தில் பதில் வர வேண்டும், அது யார் கடனோ அவர்கள் சொல்லியே ஆக வேண்டும்.

சர்வீசில் இருக்கிற தம்பிகளுக்கு: கிண்ட்ரெட் ரோலில் (குடும்ப விவரப் பதிவில்) கல்யாணத்துக்கு முந்தின விலாசத்தையே விட்டு வைக்காதீர்கள். போன் நம்பர் மாறினால் அடுத்த லீவு வரை காத்திருக்காமல் கிளார்க்கிடம் சொல்லி மாற்றுங்கள். ஹிந்தியோ இங்கிலீஷோ புரிகிற சொந்தக்காரர் ஒருவரின் நம்பரையும் யூனிட்டில் கொடுத்து வையுங்கள்.

வி.ஏ.ஓ. யாராவது இதைப் படித்தால்: ஒரு பெண் ஊழியரைக் கூட அழைத்துப் போங்கள். வீட்டு ஆண்களைத் தெருவில் நிறுத்திச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். மனைவியையும் தாயையும் உட்கார வைத்து, முதல் வாக்கியத்திலேயே "இறந்துவிட்டார்" என்று சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் வந்து சேரும் வரை அங்கேயே இருங்கள். உடல் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தேதி சொல்லாதீர்கள். அந்தத் தேதியை அவர்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.