78 வயது அப்பாவின் அஸ்பிரின்: வைத்தியரே "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றால் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது?

கேள்வி: வெள்ளவத்தை மகள்

வணக்கம். என் அப்பாவுக்கு 78 வயது. இரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் பதினைந்து வருடமாகக் குளிசை எடுத்து வருகிறார். அவற்றோடு ஒரு சிறிய அஸ்பிரினும் உண்டு. மாரடைப்போ பாரிசவாதமோ அவருக்கு வந்ததில்லை, நீரிழிவும் இல்லை. சென்ற மாதம் எங்கள் குடும்ப வைத்தியர் மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அஸ்பிரினை நிறுத்தலாம் என்றார். கொலஸ்ட்ரோல் குளிசையை இந்த வயதில் தொடர்வதா விடுவதா என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார். பிரஷர் குளிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம் என்றார். மனம் ஆறாமல் ஒரு விசேட வைத்திய நிபுணரைச் சனல் செய்து காட்டினோம். அவர் எல்லாவற்றையும் அப்படியே தொடரச் சொன்னார். இருபது வருடமாக எங்களைப் பார்த்துவரும் ஒருவர் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றது அப்பாவைக் கலங்க வைத்துவிட்டது. சான்று தெளிவில்லாத இடத்தில் ஒரு குடும்ப வைத்தியர் எதை வைத்து முடிவெடுக்கிறார் என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில்: கொட்டாஞ்சேனை குடும்ப வைத்தியர்

உங்கள் அப்பாவை நான் பரிசோதிக்கவில்லை. ஆகவே இதை மருந்துச் சீட்டாக எடுக்காமல், எங்களுடைய யோசனை ஓடும் வழியாக மட்டும் வாசியுங்கள். மூன்று குளிசைகளைப் பற்றி அவர் மூன்று விதமாகப் பேசியிருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? அந்த வேறுபாடு தற்செயலானதல்ல.

பிரஷர் குளிசையைப் பற்றி அவர் உறுதியாகப் பேசக் காரணம் உண்டு. 80 வயதைத் தாண்டிய 3,845 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஹைவெற் ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடையே மரணங்கள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தன. பயன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முதுமையிலும் இந்தச் சிகிச்சை உதவும் என்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

அஸ்பிரின் வேறு கதை. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதயநோய் இல்லாத 19,114 முதியோரிடம், பெரும்பாலும் 70 வயதைக் கடந்தவர்களிடம், நடத்தப்பட்ட அஸ்பிரீ ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்து வருடங்களில் அஸ்பிரின், அவர்கள் மறதிநோயோ உடல் இயலாமையோ இன்றி வாழும் காலத்தைக் கூட்டவில்லை. பெரிய இரத்தக்கசிவோ நூறு பேரில் 2.8 என்பதிலிருந்து 3.8 ஆக உயர்ந்தது. ஆனால் அதில் சேர்ந்த பெரும்பாலானோர் முன்னர் ஒழுங்காக அஸ்பிரின் எடுத்தவர்கள் அல்லர். ஆகவே "புதிதாகத் தொடங்க வேண்டாம்" என்பதே அந்த ஆய்வின் நேரடியான விடை. பதினைந்து வருடம் எடுத்தவர் நிறுத்தலாமா என்பதற்கு உங்கள் வைத்தியர் அங்கிருந்து ஒரு படி தாண்டித்தான் வர வேண்டும். எங்கள் தொழிலில் பெரும்பாலான நாட்கள் இப்படித் தாண்டுவதிலேயே கழிகின்றன, ஏனென்றால் ஆய்வில் இருந்தவரும் முன்னால் அமர்ந்திருப்பவரும் ஒருவரல்லர். இலங்கையிலேயே 700 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான, மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 56. எங்கள் மண்ணின் ஆய்வு என்பதற்காக அதை அப்படியே 78 வயதுக்காரருக்குப் பொருத்த என்னால் முடியாது.

கொலஸ்ட்ரோல் குளிசை விடயத்தில்தான் உண்மையான தெளிவின்மை இருக்கிறது. 70 முதல் 82 வயது வரையான 5,804 பேரிடம் ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு இதயத் தாக்கங்கள் குறைந்ததைக் காட்டியது. எனினும் அந்தப் பயன், முன்னரே இதயநோயோ இரத்தக்குழாய் நோயோ இருந்தவர்களிடமே தெளிவாகத் தெரிந்தது. உங்கள் அப்பா அவர்களுள் ஒருவர் அல்லர்.

இப்படியான இடத்தில் நான் என்னையே கேட்டுக்கொள்வது இதுதான்: மருந்து வேலை செய்தால் இவருக்குக் கிடைக்கும் பயன் எவ்வளவு, தீங்கு வந்தால் அது எவ்வளவு பெரிது, எடுத்த முடிவைப் பிறகு மாற்ற முடியுமா? கொலஸ்ட்ரோல் குளிசையால் தசைவலி வந்தால் நிறுத்திப் பார்க்கலாம்; வயிற்றிலோ மூளையிலோ இரத்தம் கசிந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. இதற்குக் காலமும் துணை நிற்கும். கொழும்பில் முதல் நாள் காய்ச்சலோடு வருபவருக்கு டெங்குவா இல்லையா என்று அன்றே அறுதியிட்டுச் சொல்ல முடியாதபோது, பரசிற்றமோல் மட்டும் கொடுத்து, இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய ஐபுபுரூபன் போன்ற வலிமருந்துகளைத் தவிர்க்கச் சொல்லி, இரத்த அணுக்களின் எண்ணிக்கையை மீண்டும் பார்க்கத் திகதி குறித்து அனுப்புகிறோம். அந்தத் திகதியும் சிகிச்சையின் ஒரு பாகம்.

விசேட நிபுணரைக் குறைசொல்ல மாட்டேன். மாரடைப்பு வந்தவர்களையும் ஸ்டென்ற் வைத்தவர்களையும் அன்றாடம் பார்ப்பவருக்கு அஸ்பிரின் உயிர்காக்கும் மருந்து. அவர்களுக்கு அது நன்கு நிரூபிக்கப்பட்டதும் கூட. இதை வாசிக்கும் அப்படிப்பட்ட நோயாளிகள் தயவுசெய்து தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

பதில்: பம்பலப்பிட்டி மருந்தாளர்

டொக்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அஸ்பிரினின் இரத்தக்கசிவு அபாயம் தனியாக வருவதில்லை. முழங்கால் வலிக்கென்று, தானும் இரத்தக்கசிவைக் கூட்டும் வலிமருந்தான டைக்ளோபினாக் அட்டையைத் துண்டில்லாமல் கேட்டு வரும் பெரியவர்களிடம் வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று விசாரித்தால், பாதியில்தான் அஸ்பிரின் நினைவுக்கு வரும். அப்பாவின் எல்லா மருந்துகளையும், ஆயுர்வேதச் சூரணங்கள் உட்பட, ஒரே பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

பதில்: தெஹிவளை மகன்

என் மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். அம்மாவின் கடைசி வருடங்களில் ஒரு வைத்தியர் இரண்டு வழிகளையும் விளக்கிவிட்டு, "நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்" என்று எழுந்துவிட்டார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் உறங்கவில்லை. சான்று இல்லாத பாரத்தை நோயாளியின் தலையில் இறக்கிவைப்பதை மரியாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பதில்: கொட்டாஞ்சேனை குடும்ப வைத்தியர்

உங்கள் மனத்தாங்கல் நியாயமானது, தம்பி. நோயாளியின் விருப்பத்தைக் கேட்பது எங்கள் கடமை. கேட்டறிந்த பின், "இந்த நிலையில் நான் இதைத்தான் செய்வேன், இன்ன காரணத்தால்" என்று சொல்வதும் எங்கள் கடமை. இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவது கைவிடுவதாகவே முடியும். வெள்ளவத்தைச் சகோதரி, அப்பா எதற்கு அதிகம் அஞ்சுகிறார் என்று அவரிடமே கேட்டீர்களா?

பதில்: வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் நன்றி. கேட்டேன். இறப்பதைவிட, பாரிசவாதம் வந்து கட்டிலில் கிடந்து எங்களுக்குப் பாரமாவதே தனக்குப் பயம் என்றார். இதை அவர் எங்களிடம் முன்னர் சொன்னதில்லை. நேற்று அதை எங்கள் வைத்தியரிடம் சொன்னதும், அப்படியானால் பிரஷரை ஒழுங்காக வைத்திருப்பதே முதல் வேலை என்று சொல்லி, வீட்டில் அளந்து எழுதி வரும்படி கேட்டார். அஸ்பிரின் நின்றது. கொலஸ்ட்ரோல் குளிசையால் உபாதை எதுவும் இல்லாததால், தன்னுடைய அபிப்பிராயம் தொடர்வதே என்று இம்முறை தெளிவாகச் சொல்லி, மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்கத் திகதியும் கொடுத்தார். மருந்துப் பையையும் கொண்டு போனோம். அதன் அடியில் பாதி முடிந்த டைக்ளோபினாக் அட்டை ஒன்று கிடந்தது. அப்பா அதை வாங்கியது வைத்தியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.