மகதீரா தமிழ் டப் சப்டைட்டில் சிங்க் ஆகல, அவசரம்

ராத்திரிப்பறவை:
மகதீரா தமிழ் டப் இருக்கு, இங்கிலீஷ் சப் தனியா எடுத்துப் போட்டேன், சுத்தமா மேட்ச் ஆகல. ரூம்மேட் ஒடியாக்காரன், ராம் சரண் வெறியன், தமிழும் தெரியாது தெலுங்கும் தெரியாது, பிரியாணி ஆர்டர் பண்ணிட்டு உக்காந்திருக்கான். பிளேயர் வி.எல்.சி தான். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

கணக்குப்புலி:
எவ்வளவு தள்ளுது? முந்தி வருதா லேட்டா வருதா? ஆரம்பத்துல இருந்தே ஒரே அளவா, போகப்போக கூடுதா? போனா லேப்டாப்பா? மேட்ச் ஆகலன்னு மட்டும் சொன்னா என்னத்தன்னு சொல்றது

டெக்_மாறன்:
ஃபிரேம் ரேட்டுங்க, அதான் ஒரு செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் ஓடுதுங்கறது, வேற ஒண்ணுமே இல்ல. சப் 23.976க்கு செஞ்சிருப்பாங்க, உங்க ஃபைல் டிவிடில இருந்து எடுத்த 25ஆ இருக்கும், ரெண்டரை மணி நேரப் படம்னா கிளைமாக்ஸ் வர்றப்ப 6 நிமிஷம் விலகி நிக்கும். சப்டைட்டில் எடிட்டர்ல போட்டு மாத்திடுங்க.

மதுரை மச்சான்:
அவ்ளோ பெரிய வேலைலாம் வேணாம் ப்ரோ. கீபோர்டுல சப் லேட்டா வந்தா ஜி, முந்தி வந்தா ஹெச், ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட், தட்டிக்கிட்டே இருங்க

பழைய ரீல்:
தேடிப் பாத்துட்டு கேளுங்கன்னு இங்க எத்தனை தடவை எழுதுறது. மகதீரா தமிழ்ல 2011ல 'மாவீரன்'ங்கற பேர்ல வந்தது. 'மகதீரா தமிழ் டப்'னு ஒரு வஸ்துவே கிடையாது. படத்தோட பேர் கூட தெரியாம சப் தேடுனா இப்படித்தான்.

ராத்திரிப்பறவை:
சார் டைட்டில்லயே மகதீரான்னு தான் போடுறான். ராம் சரண், காஜல் ரெண்டு பேரும் இருக்காங்க. தட்டித்தட்டி விரல் வலிக்குது, மேல பஸ் எரியுது, கீழ இளவரசி குதிரைன்னு ஓடுது

டெக்_மாறன்:
தள்ளுதுன்னு சொன்னேன்ல.

கணக்குப்புலி:
ஒரு நிமிஷம், பஸ்ஸா? மகதீரால எங்க பஸ் எரியுது? 1609ல உதய்கர், காலபைரவன் 100 பேர வெட்டுறது, இந்த ஜென்மத்துல பைக் ரேஸ், இதானே கதை

ராத்திரிப்பறவை:
பஸ்ல இருக்கறது அல்லு அர்ஜுன். காஜல கொன்னுட்டானுங்க. இவன் கருகிப்போய் ஆஸ்பத்திரில கெடந்து, கட்டு பிரிச்சா ராம் சரண்!!

மதுரை மச்சான்:
மகதீரா அல்லு அரவிந்த் படம்ல, மகனுக்கு ஒரு கெஸ்ட் ரோல் குடுத்திருப்பாரு

டப்பிங் பிரியை:
அய்யோ எல்லாரும் நிறுத்துங்க 😄 அது 'எவடு'. 2014 சங்கராந்திக்கு வந்த வம்சி பைடிபள்ளி படம், பின்னாடி நம்ம விஜய் வச்சு வாரிசு எடுத்தாரே அவரேதான். ராஜமௌலியோட 2009 மகதீரா இங்க மாவீரனா வந்துட்டதால அந்தப் பேரு சும்மா கெடந்துச்சு, ஜனங்களுக்கும் தெரிஞ்ச பேரு, எவடு டப்புக்கு தூக்கி வச்சுட்டாங்க. ரெண்டுலயும் ராம் சரண், காஜல் இருக்கறதால யாருக்கும் சந்தேகமே வரல. எவடுன்னு போட்டு சப் தேடுங்க தம்பி, தெலுங்குக்கு செஞ்சதே கிட்டத்தட்ட பொருந்தும்.

பழைய ரீல்:
பேர் தான் பிரச்சனைன்னு முதல்லயே சொன்னவன் நான். போகட்டும், அந்தப் படமே ஹாலிவுட் 'ஃபேஸ் ஆஃப்' காப்பி, இதுக்கு சப் ஒரு கேடா.

டப்பிங் பிரியை:
முகம் மாறுனா எல்லாம் ஃபேஸ் ஆஃப் ஆயிடுமா சார்? அதுல ரெண்டு எதிரிங்க மூஞ்சிய மாத்திக்கறாங்க. இதுல டாக்டர் ஜெயசுதா செத்துப்போன தன் மகன் முகத்தையே இவனுக்கு வச்சு விடுறாங்க, அதனால இவன் தன் காதலிக்காகப் பழி வாங்குனதோட விடாம அந்த மகனோட பகையும் தலையில வந்து விழுது. அந்த ஐடியா நல்ல ஐடியா. எனக்கு உறுத்தறது அந்த எமி ஜாக்சன் பார்ட் தான், செத்தவளுக்காக உருகுறவன் இன்னொருத்திய தூண்டில் புழுவா வச்சு வில்லன புடிக்கறான், பாட்டு வேற

மதுரை மச்சான்:
பழி வாங்க வந்தவன் நியாயமா பாப்பான், தேவிஸ்ரீ பாட்டு இல்லன்னா யாரு தியேட்டருக்கு போவா

ராத்திரிப்பறவை:
அக்கா பிளாஷ்பேக்க மொத்தமா சொல்லிட்டீங்களே. சப் கெடச்சிடுச்சு, ஜி நாலு தட்டு, ஓகே. பிரியாணியும் வந்துடுச்சு

டெக்_மாறன்:
நாலு தட்டுன்னா ஃபிரேம் ரேட்டும் செக் பண்ணுங்க, கிளைமாக்ஸ்ல தெரியும்.

கடலூர்_குட்டி:
அண்ணா இங்கயே கேட்டுக்கறேன், மாவீரனுக்கு சப் யார்ட்டயாவது இருக்கா?

கணக்குப்புலி:
எந்த மாவீரன்? ரஜினி 1986ஆ, ராம் சரண் 2011ஆ, சிவகார்த்திகேயன் 2023ஆ?